கூப்பிடாதீங்க, காத்திருங்க: செஞ்சிப் பாறைகளும் நம்ம கேமராவும்

ஜெய்சல்மேர் பக்கம் மணல்மேட்டில் டென்ட் அடித்துத் தங்கினோம், விடியற்காலை ஜீப்பில் போனோம், இதோ படங்கள் என்று யாராவது ஆல்பம் ஏற்றினால் போதும். நம்ம கூட்டத்தில் பாதிப் பேர் உடனே ரயில் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தப்பே இல்லை. தார் பாலைவனத்தில் 3162 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தேசியப் பூங்கா, அதில் கானமயில், பாலைவன நரி, சிங்காரா மான்... ஆசை வராமல் இருக்குமா என்ன?

ஆனா எனக்கு ஒரு சந்தேகம். வெயில், பாறை, முள்ளு, நாலு நாள் தேடினால் ஒரு விலங்கு என்கிற அனுபவத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போறோம்னா, அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கே? சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனத்தில் திரும்பி திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்தால், யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டின மாதிரி உருண்டைப் பாறைகளாக அடுக்கி வைத்த குன்றுகள் வரும். அதான் நம்ம செஞ்சி.

"அட, தேசிங்கு ராஜா கோட்டை! ஸ்கூல் டூர்ல போயிருக்கேன்" என்பீர்கள். எல்லாரும் போயிருக்கோம். கல்யாண மகால், நெற்களஞ்சியம், மூச்சு வாங்க ராஜகிரி, இறங்கி வந்து இளநீர். குரங்கு பிடுங்கிய சிப்ஸ் பாக்கெட் தனிக் கணக்கு. அந்தக் கோட்டையை நான் இங்கே விட்டுவிடுகிறேன். அது கட்டப்பட்டிருக்கிற மலையைப் பற்றித்தான் பேச்சு.

தமிழ் இலக்கணக்காரர்கள் ஒரு விஷயத்தில் கில்லாடிகள். பாலைக்குத் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். அதாவது பாலை என்பது இடம் மட்டும் இல்லை, ஒரு பருவமும்கூட. செஞ்சியை இரண்டு தடவை பார்த்தால் இது புரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் போனால் சுனைகளில் தண்ணீர், பாறை இடுக்கெல்லாம் பச்சை. அதே இடத்துக்குச் சித்திரையில் போனால் பாறை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். சதுரக்கள்ளியும், பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கிற இச்சி மரங்களும் மட்டும் "நாங்க இருக்கோம்" என்று நிற்கும். தார் வரைக்கும் போகாமலே பாலை பார்த்தாச்சு :-)

சரி, அங்கே என்னதான் இருக்கு?

முதலில் பாறை ஓணான். இதுக்கு 600 எம்எம் லென்ஸ் எல்லாம் வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் முதுகில் சிவப்பும் பக்கவாட்டில் கறுப்புமாக, தேர்தல் நேரத்துக் கட்சிக்காரர் மாதிரி பாறை உச்சியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பெண் ஓணான் முன்னால் ஒரு நிறம், சண்டைக்கு வருகிற ஆண் முன்னால் வேறு நிறம் என்று சட்டென்று மாற்றிக்கொள்ளும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இதை அளந்தே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பாறைக்கு எதிரே அரை மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்தால் போதும், முழு நாடகத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். கோட்டைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பார்த்த உடனே கல் எடுக்கிற பசங்கதான் அதிகம்.

அப்புறம் கொம்பன் ஆந்தை. பாறை விளிம்பில், பாறை நிறத்திலேயே, பகல் முழுக்க அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற நீலப் பூங்குருவி. நிமிர்ந்து பார்த்தால் பாம்பு தேடி வட்டம் போடும் கழுகு. கீழே நாட்டுக்குரங்குக் கூட்டம். அதுவும் காட்டுயிர்தான், நாம் சிப்ஸ் கொடுத்துக் கொடுத்துப் பிச்சைக்காரனாக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவே. இன்னும் உள்ளே போனால் பாக்கம் மலைக்காடு. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. நுழையாதீங்க.

ஆனால் வெளியூரிலிருந்து பைனாகுலரும் பெரிய லென்ஸுமாக செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆளைத் தேடித்தான் வருகிறார்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான்.

நம்ம வீட்டு மாடியில் கத்துகிற கொண்டைக்குருவிக்கு இது பங்காளி. கொண்டை கிடையாது. சாம்பல் கலந்த பச்சை உடம்பு, தொண்டையில் எலுமிச்சை மஞ்சள், வாலுக்கு அடியிலும் கொஞ்சம் மஞ்சள். படத்தில் பார்த்தால் "இதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். விஷயம் அழகில் இல்லை. இந்தப் பறவை உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் உண்டு. அதிலும் எல்லா இடத்திலும் இல்லை. புதர் மூடிய பாறைக் குன்று வேண்டும் அதுக்கு. ஆந்திராவில் ஹார்ஸ்லி மலை, கர்நாடகத்தில் நந்தி மலை, இங்கே செஞ்சி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கு. ஜெர்டான் என்கிற வெள்ளைக்கார டாக்டர் 1840-களிலேயே இதை விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். இன்றைக்கு உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற வரிசையில் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. இந்தப் பறவைக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. சுற்றி இருக்கிற நெல் வயலும் கரும்பும் தார் ரோடும் அதுக்குக் கடல் மாதிரி. ஒரு குன்று போனால் "பக்கத்துத் தெருவுக்குக் குடி போயிடலாம்" என்கிற கதை கிடையாது. அடுத்த குன்று எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அங்கே ஏற்கெனவே வேற ஜோடி இருக்கும்.

இப்படி ஒரு பறவையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் என் பிரச்சினை.

அது கூச்ச சுபாவி. புதருக்குள்ளேயே இருக்கும், குரல் மட்டும் வரும். உட்கார்ந்து காத்திருந்தால் இச்சிப் பழத்துக்கோ உண்ணிப் பழத்துக்கோ வெளியே வரும், வராமலும் போகலாம். ஆனா நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் ஈசிஆர் டிராஃபிக்குக்கு முன்னால் வீடு. அதனால் என்ன செய்கிறோம்? செல்போனை எடுத்து, அதே பறவையின் குரலை ஸ்பீக்கரில் ஓட விடுகிறோம். தன் எல்லைக்குள் வேற ஒரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இருந்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு அது பதறிக்கொண்டு வெளியே வரும். கிளிக். கிளிக். கிளிக். ஒருத்தர் எடுத்து முடித்ததும் பின்னால் நிற்கிறவர், "சார், எனக்கு பேக்ரவுண்ட் சரியா வரல, இன்னொரு தடவை போடுங்க."

இப்படிக் கூப்பிட்டு எடுத்த படத்துக்குக் கீழேதான் "பொறுமைக்குக் கிடைத்த பரிசு" என்று கேப்ஷன் வரும். என்னத்தச் சொல்ல.

இந்தச் செஞ்சி மலையைப் பிடிக்க முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை, எட்டு வருஷம் கீழே உட்கார்ந்து முற்றுகை போட்டது. அதே மலை அடிவாரத்தில் ஒரு குருவிக்காக நம்மால் எட்டு நிமிஷம் உட்கார முடியவில்லை.

"ஒரு தடவை கூப்பிட்டா என்ன சார் ஆகிடும்?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, அரை நிமிஷம் போட்டால் பறவை செத்துப்போகாது. அப்படிச் சொல்வது பொய். ஆனா செஞ்சி என்ன அமேசான் காடா? பறவை இருக்கிற சரிவும் தெரியும், ஆட்கள் நிற்கிற இடமும் தெரியும். ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒவ்வொரு குழு. ஒவ்வொருத்தருக்கும் அது "ஒரே ஒரு தடவை". அந்தப் பறவைக்கு?

2013-ல் ஈக்வடார் நாட்டில் செய்த ஒரு ஆய்வு வெளியானது. பறவை பார்க்கிறவர்கள் போடுகிற மாதிரியே இரண்டு வகைப் பறவைகளுக்கு ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு இனத்துக்குத் தினமும் போட்டபோது, அது சில நாட்களில் பழகிப்போய், பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டது. இன்னொரு இனத்துக்குத் தினமும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை போட்டதற்கே அது, இல்லாத எதிரிக்குக் கூடுதலாகக் குரல் கொடுத்தது. தினமும் போட்டால் நம்ம சின்னான் என்ன செய்யும்? நமக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில், ஒரு குன்றில் எண்ணிச் சொல்கிற அளவுக்கே இருக்கிற பறவையிடம் பரிசோதனை செய்ய நாம் யார்?

கொம்பன் ஆந்தை கதை இதைவிட மோசம். அது கூடே கட்டாது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏதோ ஒரு பாறை விளிம்பில், வெறும் மண்ணில் முட்டை இடும். "நெஸ்ட் கிடைச்சிருக்கு" என்று போன் பறக்கும். ஐந்து பேர் ஏறுவார்கள். பகலில் தாய் எழுந்து பறந்தால் காக்காய்க் கூட்டம் துரத்தும். முட்டையோ குஞ்சோ, சுடுகிற பாறையில் வெட்டவெளியில் கிடக்கும். நமக்குக் கிடைப்பது குஞ்சு முறைத்துப் பார்க்கிற ஒரு 'க்யூட்' படம்.

இது ஏதோ மென்மனசுக்காரர்கள் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 1972-ம் வருஷத்து வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து 'வேட்டை' என்பதற்கு என்ன விளக்கம் என்று பாருங்கள். சுடுவது, பிடிப்பது, விஷம் வைப்பது எல்லாம் இருக்கும். அதே வரிசையில், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் இருக்கும். துப்பாக்கி தூக்கினவனுக்கும் கூட்டுக்கு எதிரே டிரைபாட் நிறுத்துகிறவனுக்கும் சட்டத்தில் ஒரே வார்த்தைதான். இந்தியாவில் பல காட்டுயிர்ப் படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதே இல்லை. காரணம் இல்லாமல் இல்லை.

அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். "ஆடு மேய்க்கிறவங்க தினம் ஏறுறாங்க, விறகு வெட்டுறாங்க, கோடையில தீ பிடிக்குது. அதெல்லாம் விட்டுட்டு மாசத்துக்கு ஒரு தடவை வர எங்களைச் சொல்றீங்களே?" சொல்லத்தான் செய்வேன். விறகும் தீயும் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனா ஆட்டுக்காரருக்கு அது பிழைப்பு. அவர் ஒரு குறிப்பிட்ட பறவையைக் குறிவைத்து அதன் வாசலில் போய் நிற்பதில்லை. நமக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காரன் கொஞ்சம் கூடுதல் ஒழுங்கோடு இருக்க வேண்டாமா?

சரி, திட்டியது போதும். கேமராவைத் தூக்கி எறியச் சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. சொல்லப்போனால் நேர்மாறு. செஞ்சி மாதிரி இடங்களுக்குக் கேமராக்காரர்கள் அவசியம் வேண்டும். ஏன்னு சொல்றேன்.

புலி இருக்கிற காட்டை யாரும் "சும்மா கிடக்கிற இடம்" என்று சொல்ல மாட்டார்கள். முட்புதரும் பாறையும் இருக்கிற இடத்தை அரசாங்கமே அப்படித்தான் சொல்கிறது. மத்திய அரசு வெளியிடுகிற 'தரிசு நில வரைபடம்' என்று ஒரு புத்தகம் இருக்கு. முதல் பதிப்பு 2000-ல் வந்தது. அதில் புதர்க்காட்டு நிலமும் பாறை நிலமும் தரிசு வகைகளில்தான் வரும். காகிதத்தில் தரிசு என்றால் அடுத்தது என்ன? "பயன்படுத்து." விழுப்புரம் மாவட்டத்தில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், பாறைக்கு இங்கே என்ன பயன் கண்டுபிடிப்பார்கள் என்று. முன்னே குன்று இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய சதுரப் பள்ளம் இருக்கும். பக்கத்தில் ஜல்லி கிரஷர்.

2021 நவம்பரில் தமிழக அரசு ஒரு விதி கொண்டுவந்தது: சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது. நல்ல விஷயம் என்று சந்தோஷப்பட்டோம். 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகளை எடுத்துவிட்டார்கள். செஞ்சி சுற்று வட்டாரத்தில் இருப்பது சரணாலயமோ தேசியப் பூங்காவோ அல்ல, காப்புக்காடுகள்தான். அதற்கும் வெளியே எந்தப் பெயரும் இல்லாத குன்றுகள். புரிகிறதா?

கோட்டைக்கு மட்டும் நல்ல காலம். 1921-லேயே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம் ஆகிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்து பலப்படுத்திய கோட்டை என்பதால் இந்த இடம். பெருமைதான். ஆனா அந்தப் பெருமை எதற்கு? சுவருக்கு, வாசலுக்கு, களஞ்சியத்துக்கு. அந்தச் சுவர்களுக்கு நடுவே வாழ்கிற பறவைக்கும் ஓணானுக்கும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லை.

இனிமேல் கூட்டம் கூடும், வசதிகள் வரும், வரட்டும். "சுத்தம் செய்கிறோம்" என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம். மதில் இடுக்கில் முளைக்கிற ஆலங்கன்றைப் பிடுங்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் மதில் நிற்காது. ஆனா சரிவில் இருக்கிற புதரையும் அதே அரிவாளால் வழித்துவிட்டால் கோட்டை மிஞ்சும், சின்னான் மிஞ்சாது. எந்தப் புதர் குப்பை, எந்தப் புதர் வீடு என்று சொல்ல யாராவது வேண்டாமா?

அங்கேதான் நாம் வருகிறோம். எந்தப் பறவை, எந்தச் சரிவில், எந்த மாசத்தில், என்ன பழம் தின்றது என்று தேதியோடு எழுதி வைத்த குறிப்பும், கூடவே ஒரு சுமாரான படமும் இருந்தால் அது சாட்சி. நாளைக்கு யாராவது "இங்கே ஒன்றும் இல்லை, வெறும் பாறை" என்று கையெழுத்துப் போடும்போது எடுத்து நீட்டுவதற்கு அது வேண்டும். குரல் போட்டுக் கூப்பிட்டு எடுத்த க்ளோசப்பில் பறவையின் இறகு தெரியும், அது எங்கே எப்படி வாழ்கிறது என்பது தெரியாது. பாறையும் கள்ளியும் இச்சி மரமும் பெரிதாகத் தெரிய, நடுவில் கடுகளவு சின்னான் இருக்கிற படம் லைக் வாங்காது. ஆனா நான் சொன்ன சாட்சிக்கு அந்தப் படம்தான் உதவும்.

மா. கிருஷ்ணனை (1912–1996) நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் இருந்துகொண்டு, கைக்குக் கிடைத்த உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா உருவாக்கிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயர் வேறு. கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்துத் தள்ளினார். 1950-லிருந்து சாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். அணிலும் காகமும் ஆடும் அவருக்கு யானைக்குச் சமமான விஷயங்கள். அவரிடம் இல்லாத கருவி எல்லாம் இன்று நம்மிடம் இருக்கு. அவரிடம் நிறைய இருந்த நேரம்தான் நம்மிடம் இல்லை. அல்லது இருக்கு, கொடுக்க மனசில்லை.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான்:

- குரல் போட்டுக் கூப்பிடாதீங்க. கூட வருகிறவர் போட்டால் "வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லுங்க. பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

- கூடு, முட்டை, குஞ்சு கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்புங்க. படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சரியான இடத்தை யாருக்கும் சொல்லாதீங்க. 'செஞ்சி' என்று எழுதினால் போதும்.

- கோடையில் சுனைக்குப் பக்கத்தில் மறித்து உட்காராதீங்க. தள்ளி, நிழலில் உட்காருங்க. நமக்கு பாட்டில் தண்ணீர் இருக்கு, அதுகளுக்கு அந்தச் சுனைதான்.

- குரங்குக்கு ஒன்றும் கொடுக்காதீங்க. பாவம் பார்ப்பது வேறு, பழக்கிவிடுவது வேறு.

- பார்த்ததை எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. இ-பேர்ட் மாதிரித் தளங்களில் போடுங்க, தமிழிலும் போடுங்க. பறவை கிடைக்காத நாளையும் எழுதுங்க, அதுவும் தகவல்தான்.

தார் பாலைவனத்துக்கும் போங்க, யார் வேண்டாம் என்றது? ஆனா அங்கே கானமயிலுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்க. நாடு முழுக்கத் திரிந்த பறவை, இன்று மொத்தமே இருநூறுக்கும் கீழே. புல்வெளியையும் ஒரு காலத்தில் "சும்மா கிடக்கிற இடம்" என்றுதான் சொன்னார்கள். மின்கம்பி இழுத்த பிறகு, பறவைகள் அதில் அடிபட்டுச் சாக ஆரம்பித்த பிறகு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சின்னானுக்காக நீதிமன்றம் போகிற நிலைமை வர வேண்டாம். அதற்கு முன்னால், அது இங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும்.

உங்க ஊர் பக்கத்திலும் இப்படி ஒரு பெயரில்லாத குன்று இருக்கும். அங்கே என்ன இருக்கு என்று ஒரு பதிவு போடுங்களேன். நான் வந்து படிக்கிறேன். "வெறும் பாறைதான் சார்" என்று மட்டும் சொல்லாதீங்க, நம்ப மாட்டேன் :-)